பழுப்பில் எத்தனை பழுப்பு

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ஒரு கொரங்காடு. டிசம்பர் மாதக் காலை, மணி ஏழே முக்கால். கிளுவை வேலிக்கு உள்பக்கம் குப்புறப் படுத்திருந்தேன். முழங்கையில் நெருஞ்சி முள் ஏறியிருந்தது. எடுக்கக் கை அசைந்தால் பறவை போய்விடும். பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி, ஆடு மேய்ந்து கட்டையாகிப்போன கொழுக்கட்டைப் புல்லுக்கு இடையில் ஒரு சின்னப் பழுப்புக் குருவி நாலடி ஓடியது, நின்றது, நெஞ்சை நிமிர்த்திப் பார்த்தது, மறுபடி ஓடியது. என் விரல் கேமராவின் பொத்தானில் இருந்தது.

பின்னாலிருந்து ஒரு குரல். "ஏனுங்க தம்பி, ஏதாச்சும் தொலஞ்சு போச்சுங்களா?"

ஆட்டுக்காரப் பெரியவர். காட்டுக்காரரிடம் அனுமதி வாங்கித்தான் வந்திருக்கிறேன், குருவியைப் படம் எடுக்கிறேன் என்றேன். அவர் குருவியைப் பார்த்தார், என் லென்ஸின் நீளத்தைப் பார்த்தார். "இதையவா? புல்லுக்குருவி. இந்தக் காடு பூரா இதேதானுங்க. ஒண்ணெடுத்தாப் போதாதுங்களா?"

அன்றைக்கு அவரிடம் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமானது. அவர் கைகாட்டிய அந்தப் பத்து ஏக்கரில் அன்று காலை மட்டும் நான் குறித்துக்கொண்ட 'புல்லுக்குருவி'கள் குறைந்தது ஐந்து இனம். அவற்றில் ஒன்றின் பெயரை நான் தப்பாக எழுதினேன் என்பது வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

கொரங்காடு தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. திருப்பூர், கரூர், ஈரோடு மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் மேய்ச்சல் காடு அது. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, நடுநடுவே வெள்வேல மரம், கீழே புல். காங்கேயம் மாடு வளர்ந்தது இந்தப் புல்லில்தான். புல்வெளி என்றதும் ஊட்டி, கொடைக்கானல் என்று மலைக்கு ஓடுகிற நம் மனசுக்குச் சமவெளியிலும் புல்வெளி உண்டு என்பது லேசில் பதிவதில்லை. வருவாய்த் துறைக் கணக்கில் இப்படிப்பட்ட நிலங்கள் பலவற்றுக்குப் பெயரே தரிசு.

இங்கே மரக்கிளையில் உட்கார்ந்து போஸ் கொடுக்கும் மீன்கொத்தியோ மாங்குயிலோ நமக்குப் பிரச்சினை இல்லை. தரையில் வாழும் சிறு பாடும் பறவைகள்தான் தலைவலி: நெட்டைக்காலிகள், வானம்பாடிகள், கதிர்க்குருவிகள். எல்லாமே மண் நிறம், எல்லாவற்றின் முதுகிலும் கீற்று, பெரும்பாலானவை ஒரு சாண் நீளத்துக்குள். எந்தப் பறவை நோக்கரின் குறிப்பேட்டைப் புரட்டினாலும் இவற்றுக்கு நேரே ஒரு கேள்விக்குறி இருக்கும்.

ஏன் இப்படி ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன? புல்வெளியில் ஒளிவதற்கு இலை கிடையாது, கிளை கிடையாது. வல்லூறு மேலே வட்டமிடும்போது தரையில் இருக்கும் பறவைக்கு இருக்கிற ஒரே மறைவிடம் அதன் முதுகுதான். முதுகு மண்ணோடு கலந்துவிட வேண்டும். இது எந்த அளவுக்குப் போகும் என்பதற்குப் பாலைவன வானம்பாடி நல்ல சாட்சி. அந்த ஓர் இனத்துக்குள்ளேயே, வெளிர் மணல் உள்ள இடங்களில் வாழ்பவை வெளிர் நிறம். ஜோர்டானின் கறுப்பு எரிமலைப் பாறை வெளியில் வாழும் கிளையினம் கரி பூசினாற்போல் கறுப்பு. மண்ணின் நிறம் மாறினால் பறவையின் நிறமும் மாறுகிறது. வல்லூறின் கண் சலித்துச் சலித்துத் தேர்ந்தெடுத்த நிறம் அது.

இதில் ஒரு வேடிக்கை. நெட்டைக்காலியும் வானம்பாடியும் பார்க்க அண்ணன் தம்பி போல இருந்தாலும் உறவு கிடையாது. நெட்டைக்காலி வாலாட்டிக் குருவியின் குடும்பம். வானம்பாடிக்கு வாழும் பறவைகளில் மிக நெருங்கிய சொந்தம், ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் நாணல் காடுகளில் திரியும் மீசைக் குருவி ஒன்று என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. இருவரும் தனித்தனி வழியாகப் புல்வெளிக்கு வந்து, ஒரே தையல்காரரிடம் சட்டை தைத்துக்கொண்டார்கள். அதனால்தான் சட்டையைப் பார்த்து ஆளைச் சொல்லப் போனால் ஏமாந்துபோகிறோம்.

சட்டையை விட்டுவிட்டு உடம்பைப் பார்த்தால் இந்த இரண்டு கூட்டத்தையும் பிரிப்பது அவ்வளவு கடினமில்லை. நெட்டைக்காலி பெயருக்கேற்றபடி காலில் நெட்டை. ஒல்லி, நிமிர்ந்த நிலை, மெல்லிய அலகு, கொஞ்சம் நீண்ட வால். பூச்சி பிடிக்கிற உடம்பு அது. ஓடும், நிற்கும், ஓடும். வானம்பாடி குட்டை, கொழுகொழு, விதையை உடைக்கும் தடித்த அலகு. ஆபத்து என்றால் ஓடுவதற்கு முன் பதுங்கிப் பார்க்கும். கதிர்க்குருவி இரண்டையும் விடப் பொடிசு. தரையில் நடமாடுவதைவிடப் புல் தண்டைப் பற்றிக்கொண்டு ஏறி இறங்குவதுதான் அதிகம். இந்த மூன்றையும் ஒரு வாரம் பொறுமையாகப் பார்த்தால் தொலைவிலிருந்தே சாயல் பிடிபட்டுவிடும். ஆங்கிலப் பறவை நோக்கர்கள் இதற்கென்று தனிச் சொல் வைத்துக்கொண்டு அலட்டிக்கொள்வார்கள். நமக்குச் 'சாயல்' என்ற சொல்லே போதும். தெருமுனையில் வருகிறவரை முகம் தெரிவதற்கு முன்பே இன்னார் என்று சொல்கிறோமே, அதுதான்.

கூட்டத்துக்குள் எந்த இனம் என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது.

டிசம்பரில் நான் எடுத்த படம் நெட்டைக்காலி என்பதில் சந்தேகமில்லை. எந்த நெட்டைக்காலி? நம் சமவெளியில் ஆண்டு முழுக்க இருப்பது வயல் நெட்டைக்காலி. சுமார் 15 செ.மீ. நீளம், இங்கேயே கூடு கட்டும் உள்ளூர்வாசி. குளிர்காலத்தில் மட்டும் இரண்டு விருந்தாளிகள் வருவார்கள். ஒருவர் பிளைத் நெட்டைக்காலி, மங்கோலியாவிலும் அதை ஒட்டிய ருஷ்யப் பகுதிகளிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு வருபவர். இன்னொருவர் ரிச்சர்ட் நெட்டைக்காலி, சைபீரியா, மங்கோலியா, சீனா வட்டாரத்துக்காரர். விருந்தாளிகள் உள்ளூர்க்காரரைவிடச் சுமார் இரண்டு செ.மீ. நீளம் கூட. தனியாக நிற்கும் பறவையில் இந்த இரண்டு செ.மீ. கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் அளவுகோலா நட்டு வைத்திருக்கிறது?

பிளைத் நெட்டைக்காலியின் அறிவியல் பெயரில் கோட்லெவ்ஸ்கி என்று ஒருவர் இருக்கிறார். 1863 போலந்து எழுச்சியில் பங்கெடுத்ததற்காக ருஷ்யப் பேரரசு சைபீரியாவுக்கு நாடு கடத்திய போலந்துக்காரர். தண்டனைக் காலத்தில் அங்கிருந்து பறவைகளைச் சேகரித்து அனுப்பினார். 1876-ல் தச்சனோவ்ஸ்கி என்ற போலந்து விலங்கியலாளர் அவர் பெயரையே இந்தப் பறவைக்கு வைத்தார். கொரங்காட்டுப் புல்லில் ஒரு கைதியின் பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

சரி, என் தப்புக்கு வருகிறேன். பிளைத் நெட்டைக்காலியைப் பிரித்தறிய எல்லாக் கையேடுகளும் சொல்லும் ஓர் அடையாளம் உண்டு. மடக்கிய இறக்கையின் தோள் பக்கத்தில் ஓடுமாதிரி அடுக்கியிருக்கும் சின்ன மூடிறகுகளைப் பார்க்க வேண்டும். அவற்றின் நடுவிலுள்ள கருமை, பிளைத்தில் கத்தரித்து ஒட்டியது போல் சதுரமாக முடியும். சுற்றிலும் வெளிர் விளிம்பு துல்லியமாக இருக்கும். ரிச்சர்டில் அந்தக் கருமை முக்கோணமாக, ஓரம் கலங்கினாற்போல் இருக்கும். என் படத்தைக் கணினியில் பெரிதாக்கினேன். கருமை துல்லியம், விளிம்பு பளிச். பிளைத் என்று எழுதி, நாலு நண்பர்களுக்கு அனுப்பி, மூன்று பேரிடம் பாராட்டும் வாங்கிவிட்டேன்.

நான்காமவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த இறகுக்கு என்ன வயசு?"

பறவைக்கு வயசு கேட்பார்கள், தெரியும். இறகுக்கு வயசா? ஆம், அதுதான் சங்கதியே. இறகு ஒருமுறை வளர்ந்து முடிந்தால் அது செத்த பொருள், நம் நகத்தைப் போல. தேயும், வெளுக்கும், பிறகு உதிர்ந்து புதிது முளைக்கும். கூட்டைவிட்டு வந்த நெட்டைக்காலிக் குஞ்சு முதல் இறகுத் தொகுதியை முழுவதும் ஒரேயடியாக மாற்றாது. கொஞ்சம் மாற்றும், கொஞ்சத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். அதனால் முதல் குளிர்காலத்தில் அதன் தோளில் குஞ்சுக்கால இறகும் பெரியவர் இறகும் கலந்து கிடக்கும். குஞ்சுக்கால இறகில் எந்த இன நெட்டைக்காலியாக இருந்தாலும் கருமை துல்லியமாகவும் விளிம்பு வெளிராகவும்தான் இருக்கும். கையேடு சொல்லும் சதுர அடையாளம் பெரியவர் இறகுக்கு மட்டுமே செல்லும். நான் ஒரு பொடியனின் பள்ளிச் சீருடையைப் பார்த்து அவன் குலத்தைச் சொல்லியிருக்கிறேன்.

வானம்பாடிகளில் இந்தத் தொல்லை இல்லை. வேறு தொல்லை இருக்கிறது. பாடும் பறவைகளில் அபூர்வமாக, வானம்பாடிக் குஞ்சுகள் முதல் இறகுகளை ஒன்று விடாமல் மாற்றிவிடும். மாற்றி முடித்துவிட்டால் அதற்குப் பிறகு இறகை வைத்து இளசா கிழடா என்று சொல்ல வழியில்லை.

தேய்மானம் இன்னொரு பக்கம் குழப்பும். இறகின் கரும்பகுதியில் இருக்கும் மெலனின் என்ற நிறமி நிறத்தோடு உறுதியையும் தருகிறது. வெளிர் விளிம்பில் அது குறைவு என்பதால் விளிம்புதான் முதலில் தேயும். கூர்ப்புல்லும் மணலும் வெயிலும் மாதக்கணக்கில் உரசினால், செதில் செதிலாக அழகாய் இருந்த முதுகு மொட்டையாகக் கறுத்துப்போகும். இறகு மாற்றிய புதுசில் ஒரு பறவை, அடுத்த கோடையில் அதே பறவை: இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு இனம் என்று சத்தியம் பண்ணுவீர்கள்.

என் படத்தின் வழக்கு எப்படித் தீர்ந்தது? படத்தால் அல்ல. அதே பறவை எழும்பிப் பறந்தபோது கேமராவில் பத்து விநாடி வீடியோ ஓடியிருந்தது. படம் மங்கல், வானம்தான் அதிகம். ஆனால் ஒலி இருந்தது: மெல்லிய "சிப்... சிப்-சிப்". அது வயல் நெட்டைக்காலியின் குரல். பிளைத் என்றால் இழுத்துத் தொய்ந்த ஓர் ஒலி முதலில் வந்திருக்கும். ரிச்சர்ட் என்றால் கரகரத்த "ஷ்ரீப்" வந்திருக்கும். உள்ளூர்க்காரனை வெளிநாட்டுக்காரன் ஆக்கிவிட்டேன், அவ்வளவுதான். மூன்று பாராட்டையும் திருப்பிக் கொடுத்தேன்.

இந்த மூன்று நெட்டைக்காலி விவகாரத்தில் காசு செலவில்லாத ஒரு கருவி உண்டு: நாள்காட்டி. ஜூன் மாதத்தில் கொங்குச் சமவெளியில் ஒரு நெட்டைக்காலி புல்லில் ஓடினால் மூடிறகைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மற்ற இருவரும் அப்போது ஆசியாவின் வடக்கில் குஞ்சு பொரித்துக்கொண்டிருப்பார்கள். ஜனவரியில்தான் மூன்றுக்கும் வாய்ப்பு. அப்போதும் 'இது உள்ளூர்க்காரன், அல்ல என்று நிரூபித்தால் மாற்றிக்கொள்வேன்' என்று தொடங்குவதே புத்திசாலித்தனம். அரிய பறவையைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை கண்ணில் பட்டதையெல்லாம் அரியதாக்கிக் காட்டும். எனக்குக் காட்டியது.

குரல் இவ்வளவு கைகொடுப்பது தற்செயல் இல்லை. எல்லோரும் மண் நிறத்தில் இருந்தால், துணையைத் தேடும் பெட்டைக்கு 'நான் உன் இனம்' என்று எப்படித்தான் சொல்வது? இறகில் சொன்னால் வல்லூறுக்கும் சேர்த்தே சொன்னதாகும். பாட்டில் சொல்லலாம். ஆனால் புல்வெளியில் பாட ஒரு மரம் வேண்டுமே. தரையில் நின்று பாடினால் ஒலி மண்ணையும் புல்லையும் உரசி உரசிச் சீக்கிரமே தேய்ந்துவிடும். மேலே போனால் வெகுதூரம் கேட்கும். அதனால்தான் புல்வெளிப் பறவைகளில் இத்தனை இனங்கள் ஆகாயத்தையே மேடையாக்கிக்கொண்டன. 'வானம்பாடி' என்று பெயர் வைத்தவர் பறவையின் நிறத்தைச் சட்டை பண்ணவில்லை பாருங்கள். அது செய்கிற காரியத்தையே பெயராக்கிவிட்டார்.

பாட்டின் அமைப்பையும் நிலம் தீர்மானிக்கிறது. யூஜீன் மார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பனாமாவில் காட்டுப் பறவைகளின் பாடல்களையும் திறந்தவெளிப் பறவைகளின் பாடல்களையும் ஒப்பிட்டு 1975-ல் ஒரு கட்டுரை எழுதினார். அடர்காட்டில் வேகமான துடிப்புகள் மரங்களில் மோதி எதிரொலித்து ஒன்றோடொன்று குழம்பிப்போகும். அங்கே தாழ்ந்த, நீண்ட சீழ்க்கைகள் எடுபடும். திறந்தவெளியில் காற்று வீசி வீசி ஒலியைக் கிழிக்கும். அங்கே வேகவேகமாகத் திரும்பத் திரும்ப வரும் துடிப்புகள் எடுபடும். ஒரு துண்டு காற்றில் போனாலும் அடுத்த துண்டு வந்து சேரும் அல்லவா? கொரங்காட்டில் காதை வைத்துக் கேட்டால் இது புரியும். எல்லாம் கிர்ர், டிக்டிக், ட்ஸிட்ட்ஸிட் என்ற ரகம். மாங்குயிலின் குழைவு இங்கே கிடைக்காது.

விசிறிவால் கதிர்க்குருவி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏறத்தாழ பத்து கிராம் எடை, பத்து செ.மீ. நீளம். மழைக்குப் பிறகு புல் எழும்பியதும் ஆண் குருவி மேலே கிளம்பும். நேராகப் பறக்காது. கண்ணுக்குத் தெரியாத அலைமேல் ஏறி இறங்குவது போல் துள்ளித் துள்ளிப் போகும். ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு "ட்ஸிட்". துள்ளல், ட்ஸிட், துள்ளல், ட்ஸிட். இந்த ஒலியை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார். தென் ஐரோப்பா, ஆப்பிரிக்கா தொடங்கி நம் ஊர் வழியாக வட ஆஸ்திரேலியா வரை இதே குருவி இதே மாதிரி துள்ளுகிறது. இதைப் புகைப்படத்தில் பிடித்தால் வானத்தில் ஒரு பழுப்புப் புள்ளிதான் கிடைக்கும். அடையாளம் அந்தத் துள்ளலில் இருந்தது. ஷட்டர் அதைத்தான் வெட்டி எறிந்துவிட்டது.

பாட்டை வைத்து இனத்தையே பிரித்த கதை ஒன்று நம் பக்கத்துப் பறவையுடையது. கொரங்காட்டில் கிளுவை வேலி மேலும் முள்செடி உச்சியிலும் உட்கார்ந்து உலோகம் உரசுவது போல் கிறீச்சென்று அடுக்கிப் பாடும் தடித்த பறவை ஜெர்டன் புதர்வானம்பாடி. பறக்கும்போது இறக்கையில் செங்காவி தெரியும். தாமஸ் ஜெர்டன் சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்தவர், 1862 தொடங்கி இந்தியப் பறவைகள் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். பறவைக்கு 1845-ல் அறிவியல் பெயரிட்டவர் எட்வர்ட் பிளைத், மேலே சொன்ன நெட்டைக்காலியின் பிளைத்தேதான். ஆனால் பின்னர் நெடுங்காலம் இதைத் தனி இனமாகக் கருதவில்லை. வங்காளப் பக்கத்து வானம்பாடி, பர்மாவினது, இந்தோசீனத்தினது, நம்முடையது எல்லாம் ஒன்றே என்று சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். அருங்காட்சியகத் தட்டில் செத்த பறவைகளை வரிசையாகக் கிடத்திப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

சுவீடன் நாட்டுப் பறவையியலாளர் பெர் ஆல்ஸ்ட்ரோம் உயிருள்ள பறவைகளின் பின்னால் ஒலிப்பதிவுக் கருவியோடு அலைந்தார். வங்காளப் பறவை உயரத்தில் நெடுநேரம் பறந்தபடி பாடுகிறது, நம்முடையது பெரும்பாலும் உட்கார்ந்தே பாடுகிறது, பாட்டும் வேறு. 1998-ல் அவர் அந்த மூட்டையை அவிழ்த்து நான்கு இனங்களாகப் பிரித்தார். பின்னர் வந்த டி.என்.ஏ. ஆய்வுகள் அதை ஆமோதித்தன. தக்காணத்தில் இதனோடு குழப்பிக்கொள்ள இந்தியப் புதர்வானம்பாடி என்று இன்னொன்றும் உண்டு. அது புதரிலிருந்து எழும்பி, மேலே போய்ப் பாடி, இறக்கையை உயர்த்தியபடி மிதந்து மறுபடி ஒரு புதரில் வந்து இறங்கும். இறக்கையில் செங்காவியின் பரப்பு கூடுதல். எங்கே உட்கார்ந்து பாடியது என்று ஒரு வரி குறித்துவைத்தால், ஐம்பது படத்தைவிட அந்த வரி மேலானது.

இவ்வளவு சொன்னபிறகு கேமரா வேண்டாம் என்று சொல்லவருகிறேன் என நினைக்க வேண்டாம். பின்விரல் நகத்தைக் காட்டுவது கேமராதான். புல்தரையில் நடக்கும் நெட்டைக்காலிகளுக்கும் வானம்பாடிகளுக்கும் பின்விரல் நகம் நீண்டு, ஏறக்குறைய நேராக இருக்கும். எடையைப் புல்மேல் பரப்பிக்கொள்ள அது உதவுகிறது. மரத்தில் ஏறி உட்காரும் பழக்கமுள்ள நெட்டைக்காலிகளுக்கு அதே நகம் குட்டையாக வளைந்து, கிளையைப் பற்றத் தோதாக இருக்கும். ரிச்சர்டில் நீளம், பிளைத்தில் சற்றுக் குறைவு. இதை வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. படத்திலும் லேசில் கிடைக்காது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 400 மி.மீ. லென்ஸ், 20 மீட்டர் தூரம், 15 செ.மீ. பறவை. கேமராவின் உணரியில் விழும் பறவையின் உருவம் வெறும் 3 மி.மீ. ஃபுல் ஃபிரேம் கேமராவில் அது படத்தின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. படம் 6000 பிக்சல் அகலம் என்றால் முழுப் பறவைக்கும் 500 பிக்சல், ஒரு செ.மீ. நகத்துக்கு முப்பத்துச் சொச்சம். தூரத்தைப் பாதியாக்கினால் எல்லாம் இரட்டிக்கும். பெரிய லென்ஸ் வாங்குவதைவிட மெதுவாகத் தவழக் கற்றுக்கொள்வது மலிவு.

தவழ்ந்து கிட்டே போனால் இன்னொரு வம்பு. 600 மி.மீ. லென்ஸில் துளையை எஃப் 6.3-ல் வைத்துப் பத்து மீட்டரில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 10 செ.மீ.தான். பறவை நம்மை நோக்கி நின்றால் அலகு தெளிவு, வால் மங்கல். எனவே அடையாளம் காண்பதற்கு எடுக்கும் படம் பக்கவாட்டில் இருக்க வேண்டும். நம்மை நேராகப் பார்க்கும் பறவை சுவரில் மாட்ட அழகாக இருக்கும். மூடிறகும் வால் ஓரமும் அதில் தெரியாது. ஆட்டோஃபோகஸுக்கோ முன்னால் ஆடுகிற புல் தண்டின் மேல்தான் காதல். அதற்கு நான் கண்ட வைத்தியம், ஃபோகஸ் புள்ளியைச் சின்னதாக்கிக் கண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் வைப்பது, பறவை மேட்டிலோ சாணி மேலோ ஏறும்வரை காத்திருப்பது. ஏறும். உயர்ந்த இடம் என்றால் அவற்றுக்கும் ஆசைதான்.

ஒன்பது, ஒன்பதரைக்குமேல் மூட்டை கட்டிவிடலாம். வெயில் ஏறினால் மண் சூடாகும். மண்ணை ஒட்டிய காற்று சூடாகிக் குமிழ் குமிழாக எழும்பும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால் பறவையிலிருந்து வரும் ஒளிக்கதிர் நெளிந்து நெளிந்து வந்து சேரும். கானல்தான். தரையோடு தரையாகப் படுத்து எடுக்கும்போது முழுப் பாதையும் அந்தக் கொதிக்கும் காற்றுக்குள்ளேயே போகிறது. எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் இங்கே தோற்கும். அப்படி எடுத்த படத்தில் நெஞ்சுக் கீற்றுகள் கரைந்து, 'கீற்றில்லாத நெட்டைக்காலி' என்று ஒரு புதுப்பறவை பிறக்கும்.

நிறத்தையும் நம்பிவிடக்கூடாது. சூரியன் எழும்பிய அரைமணியில் எல்லாமே செம்பழுப்பு. மேகம் மூடினால் எல்லாமே சாம்பல். பறவை அதேதான், கேமராவின் வெள்ளைச் சமநிலை தன் இஷ்டத்துக்கு முடிவெடுக்கிறது. நான் செய்வது, சந்தேகம் வந்தால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பது. நிறம் போனதும் கீற்றின் அகலமும் புருவக்கோட்டின் நீளமும் சட்டென்று கண்ணில் விழும். மா. கிருஷ்ணன் தன் காட்டுயிர்ப் படங்களைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்துத் தள்ளியவர். அந்தப் படங்களில் விலங்கின் உடலமைப்பு எவ்வளவு துலக்கமாகத் தெரிகிறது என்று இப்போது புரிகிறது. இன்னொன்று: செயற்கை நுண்ணறிவால் படத்தைக் கூர்மையாக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. இரைச்சலைத் துடைக்கும்போது மெல்லிய கீற்றையும் சேர்த்துத் துடைக்கும். இல்லாத இறகு நுனியைத் தானாக வரைந்தும் வைக்கும். சுவர்ப் படத்துக்குச் செய்துகொள்ளுங்கள். பெயர் வைக்கிற வேலைக்குக் கேமரா தந்த மூலக் கோப்பைத் தொடாமல் வைத்திருங்கள்.

எல்லாமே இப்படிப் படுத்துவதில்லை. சாம்பல் தலை வானம்பாடியின் ஆண் ஒரு வரம். வயிறு முழுக்கக் கறுப்பு, கன்னம் வெளுப்பு. மேலே ஏறி, சீழ்க்கையை இழுத்துக்கொண்டே தலைகீழாகப் படிப்படியாய் விழுந்து, தரையைத் தொடப் போகிற கணத்தில் நிமிரும். தரையில் உட்கார்ந்தால் கறுப்பு கீழே போய்விடும், மேலே மண் நிறம் மட்டும் மிஞ்சும். வல்லூறுக்கு ஒரு முகம், பெட்டைக்கு ஒரு முகம். பெட்டையோ முழுப் பழுப்பு. தனியாக நின்றால் ஊர்க்குருவி என்றே எழுதிவைப்பார்கள். கொஞ்சம் பொறுத்தால் கறுப்பு வயிற்றுக்காரன் பக்கத்தில் வந்து இறங்கி அடையாளம் சொல்லிவிடுவான்.

மலைக்குப் போனால் நிலைமை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளில் மட்டும் வாழும் நீலகிரி நெட்டைக்காலியை அடையாளம் காண்பதைவிட அது வாழ இடம் மிஞ்சுவதுதான் கேள்வி. பழனி மலையில் சீகை, தைலம் முதலான மரத்தோட்டங்களும் விவசாயமும் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிட்டன என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018-ல் சொன்னது. மரம் நடுவது எங்கேயும் நல்லது என்று நம்பும் நமக்கு இதை ஜீரணிக்க நேரமாகும்.

படம் எடுப்பவர்களிடம் சண்டை போடுகிற ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியில் பதிவு செய்த பாட்டை ஒலிபரப்பிப் பறவையை வரவழைப்பது. ஆண் பறவை எதிரி வந்துவிட்டான் என்று பதறி ஓடிவரும், படம் அருமையாக விழும். அந்த நேரமெல்லாம் அது குஞ்சுக்குப் பூச்சி கொண்டுபோகவில்லை. இந்தப் பறவைகளின் கூடு தரையில், புல் கட்டைக்கு அடியில் ஒரு குழி, அல்லது சிலந்தி நூலால் புல்லைச் சேர்த்துக் கட்டிய பை. நாம் நடந்த தடத்தைப் பிடித்துக்கொண்டே நாயும் கீரியும் வரும். பறவை வாயில் புழுவோடு ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தால், கூடு உங்கள் காலடிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

பிப்ரவரியில் மறுபடி அதே கொரங்காட்டுக்குப் போனேன். பெரியவர் ஆடுகளோடு அங்கேதான் இருந்தார். டிசம்பர்ப் படத்தைக் கைப்பேசியில் காட்டி, மூடிறகு, நகம், குரல் என்று ஒரு பாட்டம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "செரி தம்பி, நீங்க படுத்துக் கெடந்த எடத்துல என்ன புல்லுன்னு பாத்தீங்களா?"

"கொழுக்கட்டைப் புல்லுங்க."

"அது அந்தப் பக்கமுங்க. நீங்க கெடந்தது ஒட்டன் புல்லு. சட்டைல ஒட்டியிருந்துச்சே." குனிந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒட்டன் புல், கொழுக்கட்டைப் புல், இடையில் தரையோடு படர்ந்த நரிப்பயறு, செப்புநெருஞ்சி. எதை ஆடு முதலில் கடிக்கும், எது காய்ந்த பிறகும் சத்து, எது மழைக்கு எத்தனையாம் நாள் தலைகாட்டும். எனக்கு எல்லாம் ஒரே காய்ந்த மஞ்சள். ஒவ்வொரு கதிரையும் கிட்டப்போய்ப் படம் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் எந்தக் கதிர் எது என்று தெரியவில்லை. அன்றைக்குக் கிடைத்த ஒரே நெட்டைக்காலிப் படத்திலும் பின்விரலை ஒரு புல் மறைத்திருந்தது, சத்தமும் போடவில்லை. கோப்புக்கு 'நெட்டைக்காலி, இனம் தெரியவில்லை, ஒட்டன் புல்லாக இருக்கலாம்' என்று பெயர் வைத்திருக்கிறேன்.